எங்கள் வீட்டுத் தரைக்கு அடியில் ஒரு ஊர்

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். ஒரு பழைய ஊரை டிராக்டரில் அள்ளிக்கொண்டு வந்து, அதன் மேல்தான் நாங்கள் வீடு கட்டியிருக்கிறோம்.

2014-ஆம் வருஷம். நான் ஐந்தாம் வகுப்பு. குருவிகுளம் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், எந்தத் திசையில் பார்த்தாலும் கரிசல்தான். பருத்திக்கும் உளுந்துக்கும் அது தங்கம். வீடு கட்டுகிறவனுக்கு எமன். மழை பெய்தால் உப்பும், வெயில் அடித்தால் வெடிக்கும். "கரிசல உள்ள போட்டு நெரப்பினா ரெண்டு மழையில தரை தூக்கிரும்" என்று கொத்தனார் சொல்லிவிட்டார். சரள் மண் அடிக்கலாம் என்றால் லோடு விலை கையைக் கடித்தது. அப்போதுதான் யாரோ அப்பாவிடம் சொன்னார்கள், "ஓட்டாங்காட்டு மண்ணு கெடக்கே, உப்பாது, வெடிக்காது, பக்கத்துலயே இருக்கு" என்று.

ஓட்டாங்காடு என்பது எங்கள் பெரியப்பா புஞ்சையை ஒட்டி இருக்கும் ஒரு மேடு. ஆள் உயரம் இருக்கும். சுற்றிலும் கன்னங்கரேல் என்று கரிசல் கிடக்க, அது மட்டும் சாம்பல் நிறத்தில் தனியாகத் தெரியும். மேலெல்லாம் பானை ஓடு. கருப்பு, சிவப்பு, பாதி கருப்பு பாதி சிவப்பு. பாண்டி விளையாட சில்லு வேண்டும் என்றால் அங்கேதான் ஓடுவோம். வழவழவென்று இருக்கும் ஓடாகப் பார்த்து எடுத்து, கல்லில் தேய்த்து வட்டமாக்கினால் அந்த சில்லுக்கு ஊரில் தனி மரியாதை.

22 டிராக்டர் லோடு அடித்தோம். எண்ணினது நான்தான். ஒவ்வொரு லோடுக்கும் சுவரில் கரியால் ஒரு கோடு. (பிற்காலத்தில் பி.காம். படிப்பான் என்பதற்கு அதுதான் முதல் அறிகுறி என்று அம்மா இன்றும் சொல்வாள்.) திரும்பி வரும்போது டிரெய்லரில் மண் மேல் உட்கார்ந்து ராஜா மாதிரி வருவேன்.

பத்து வருஷம் இது எனக்கு ஒரு இனிமையான ஞாபகமாகவே இருந்தது.

ஒரு பாலிதீன் கவர் மண்

நான் படிப்பது வணிகவியல். தொல்லியல் எங்கள் சிலபஸில் எந்த செமஸ்டரிலும் கிடையாது. 2024-இல் நண்பன் ஒருவன் பைக்கில் வெம்பக்கோட்டைக்குக் கூப்பிட்டான். அங்கே வைப்பாற்றங்கரையில், விஜயகரிசல்குளம் மேட்டில், தமிழ்நாடு தொல்லியல் துறை 2022-லிருந்து அகழாய்வு செய்துவந்தது. சங்கு வளையல், கண்ணாடி மணி எல்லாம் கிடைத்ததாகப் பேப்பரில் படித்திருந்தேன். தங்கம் ஏதாவது எடுக்கிற நேரத்தில் போய்ச் சேர்ந்தால் நன்றாக இருக்கும் என்ற சின்ன ஆசையில்தான் போனேன்.

நான் பார்த்தது வேறு. கேக்கை வெட்டினது மாதிரி சதுரமாக ஒரு குழி. அதன் சுவரைச் செதுக்கி வழுவழுப்பாக்கி வைத்திருந்தார்கள். சுவரில் கிடைக்கோடுகள், கோட்டுக்கு மேல் ஒரு நிறம், கீழ் ஒரு நிறம், அங்கங்கே சீட்டு குத்தியிருந்தது. ஒருவர் பானை ஓட்டைப் பற்றிக் கவலையே படாமல், சுவரின் ஒரு இடத்திலிருந்து மண்ணைக் கரண்டியால் எடுத்துக் கவரில் போட்டு எண் எழுதிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மண்ண எதுக்குப் பொட்டலம் கட்டுதீங்க?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "தம்பி, பானை ஓடு எல்லா ஊர்லயும் கெடக்கு. அது எந்த மண்ணுல, எந்த அடுக்குல கெடந்துச்சுங்கறதுதான் விஷயம். மண்ணு போச்சுன்னா அது வெறும் ஓடு."

பைக்கில் திரும்பி வரும்போது என் மனசுக்குள் 22 கரிக்கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. அன்றைக்கு ஆரம்பித்த வாசிப்புதான் இது. எனக்குப் புரிந்த அளவில், புரிந்த பாஷையில் சொல்கிறேன்.

மண் எப்போதும் லிஃபோ

வணிகவியல் மாணவர்களுக்கு இது சுலபம். சரக்கு மதிப்பீட்டில் லிஃபோ என்று ஒன்று உண்டு, கடைசியில் வந்தது முதலில் வெளியே போகும். குடியிருப்பு மேடும் அப்படித்தான். ஒரு ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். அடுப்புச் சாம்பல், உடைந்த பானை, இடிந்த மண்சுவர், சாணம், குப்பை எல்லாம் அங்கேயே சேர்கின்றன. சுவர் இடிந்தால் அதை மட்டப்படுத்தி அதன் மேலேயே அடுத்த வீடு. இப்படி நூற்றாண்டுக் கணக்கில் தரை உயர்ந்துகொண்டே போகும். அடியில் கிடப்பது பழசு, மேலே கிடப்பது புதுசு. தோண்டுகிறவர் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் படித்துக்கொண்டே போகிறார்.

ஆனால் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அடித்தல் திருத்தல் இருக்கும். பின்னால் வந்தவன் ஒருவன் குதிர் வைக்கவோ குப்பை போடவோ குழி தோண்டியிருப்பான். அவன் போட்ட புதுப் பொருள் பழைய அடுக்கின் ஆழத்தில் போய்க் கிடக்கும். முன்தேதியிட்ட வவுச்சர் மாதிரி. ஓட்டை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். மண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும், ஏனென்றால் குழியை நிரப்பிய மண்ணின் நிறமும் இறுக்கமும் சுற்றியிருக்கும் மண்ணிலிருந்து மாறி இருக்கும். குடிசைக்கு நட்ட கம்பு முழுசாக மக்கிப்போயிருக்கும், ஆனால் அது நின்ற இடத்தில் வட்டமாக ஒரு கருத்த அடையாளம் மிஞ்சும். அந்த வட்டங்களை வரிசையாகச் சேர்த்தால் ஒரு குச்சிகூட மிஞ்சாத வீட்டுக்கு வரைபடம் கிடைத்துவிடும்.

ராஜஸ்தானில் காளிபங்கன் என்று ஒரு இடம். 1960-களில் பி.பி. லால், பி.கே. தாப்பர் ஆகியோர் அங்கே அகழாய்வு நடத்தினார்கள். அங்கே கிடைத்த முக்கியமான சங்கதிகளில் ஒன்று பொருளே இல்லை. உழுத வயல்! ஹரப்பா நகரம் முழு வளர்ச்சி அடைவதற்கும் முந்திய காலத்து உழவுசால்கள், குறுக்கும் நெடுக்குமாக, மண்ணில் அப்படியே பதிந்து கிடந்தன. ஒரு பக்கம் நெருக்கமான சால், குறுக்கே இடைவெளி விட்ட சால். அந்தப் பக்கத்து விவசாயிகள் கடலையும் கடுகும் கலந்து விதைக்க இதே முறையில்தான் உழுதுகொண்டிருந்தார்களாம். அந்த வயலை மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க முடியுமா? மண்ணை ஒருமுறை கலைத்தால் அவ்வளவுதான்.

ஒற்றைத் தோடு

கரிசல்காட்டில் இந்த லிஃபோ கணக்கு சில நேரம் ஏமாற்றும்.

என் அம்மாவின் தோடு ஒன்று ஒரு கோடைகாலத்தில் புஞ்சையில் விழுந்தது. விழுந்ததைக் கண்ணால் பார்த்தாள். நேராக ஒரு வெடிப்புக்குள் போனது. கையை விட்டுப் பார்த்தாள், முழங்கை வரை போயும் அடி தட்டவில்லை. அப்புறம் மழை பெய்து வெடிப்பு மூடிக்கொண்டது. தோடு போயே போச்சு.

கரிசலில் இருக்கும் களி, தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும் ரகம். சுருங்கும்போது ஆழமான வெடிப்பு விழுகிறது. மேல்மண் அதற்குள் உதிர்கிறது. மழை வந்ததும் அடியில் விழுந்த மண்ணும் சேர்ந்து உப்ப, கீழே இருப்பது மேலே தள்ளப்படுகிறது. தானே தன்னை உழுதுகொள்ளும் மண் என்று இதைச் சொல்வார்கள். இப்படி வருஷா வருஷம் நடந்தால், என் அம்மாவின் தோடு ஒருநாள் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பானைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் கரிசலில் ஆய்வு செய்கிறவர்கள் பொருள் கிடைத்த ஆழத்தை மட்டும் நம்ப முடியாது. சுற்றியுள்ள மண் கலைந்த மண்ணா, கலையாத மண்ணா என்று முதலில் பார்த்தாக வேண்டும்.

ஒரு ஊர் இருந்த இடத்து மண்ணோ வேறு ஜாதி. சாம்பல், எரு, வெளியிலிருந்து கொண்டுவந்த சுவர் மண் எல்லாம் கலந்தது. கரிசல் மாதிரி உப்பாது, அவ்வளவாக வெடிக்காது. மகாராஷ்டிரத்து விவசாயிகள் கரிசல் வயலைக் 'காளி' என்றும், ஊர் இருக்கும் மண்ணைப் 'பாண்டரி', அதாவது வெள்ளை மண், என்றும் பிரித்தே பேசுவார்கள். எங்கள் கொத்தனாரும் பெயர் வைக்காமல் அதையேதான் சொன்னார். ஓட்டாங்காட்டு மண் எங்கள் வீட்டுத் தரைக்குத் தோதுப்பட்ட காரணமே, அது மனுஷன் வாழ்ந்து மாற்றிய மண் என்பதுதான். எந்தக் குணத்தால் அது சாட்சியோ, அந்தக் குணத்துக்காகவே அதை அள்ளினோம்.

சிவந்த மணலும் ராட்சசன் சாம்பலும்

மண்ணைப் படிக்கும் இந்த வேலை எங்கோ வெளிநாட்டில் மட்டும் நடந்தது என்று நினைத்திருந்தேன். பழைய திருநெல்வேலி ஜில்லாவிலேயே நடந்திருக்கிறது! (எங்கள் ஊரும் 2019-இல் தென்காசி மாவட்டம் பிரியும் வரை அந்த ஜில்லாதான்.)

திருச்செந்தூர், சாயர்புரம் பக்கம் போனவர்கள் தேரிக்காட்டைப் பார்த்திருப்பீர்கள். ரத்தச் சிவப்பில் மணல் மேடுகள். அங்கே கல்லில் செய்த மிகச் சின்னக் கருவிகள், விரல்நகம் அளவுக்கு, நிறையக் கிடைக்கின்றன. எந்தக் காலத்துக் கருவி? கல்லைக் கேட்டால் சொல்லாது. பிரெடரிக் சாய்னர் என்ற மண்ணியல், நிலவியல் அறிந்த ஆய்வாளரும் பிரிட்ஜெட் ஆல்சினும் சேர்ந்து 1956-இல் 'ஏன்ஷியன்ட் இந்தியா' இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் மணலைக் கேட்டார்கள். காற்று அடித்துக் குவித்த மணல் ஒரு காலத்தில் நகராமல் நின்றிருக்கிறது, நின்ற காலத்தில் அதிலிருந்த இரும்புச்சத்து துருவேறிச் சிவந்திருக்கிறது, கருவிகள் அந்தச் சிவந்த மண்ணோடு சேர்ந்து கிடக்கின்றன. மணல் குவிந்தபோது கடல் இப்போதைவிட உயரத்தில் இருந்தது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, சுமார் கி.மு. 4000 என்று மதிப்பிட்டார்கள். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அந்தத் தேதியை மறுபடி கிளறிக் கேள்வி கேட்டிருக்கிறார்கள், அது வேறு கதை. எனக்கு ஆச்சரியம், ஒரு எலும்போ எழுத்தோ இல்லாமல் மணலின் நிறத்தை வைத்து இவ்வளவு தூரம் போக முடிந்ததே என்பதுதான்.

அதே சாய்னருக்கு இன்னொரு வழக்கும் வந்தது. கர்நாடகத்தில் பெல்லாரி பக்கம் பெரிய பெரிய சாம்பல் மேடுகள் உண்டு. சில இடங்களில் சாம்பல் உருகிக் கண்ணாடிக் கட்டி மாதிரி ஆகியிருக்கும். ராட்சசனை எரித்த சாம்பல் என்று ஊரார் கதை சொல்வார்கள். எரிமலை என்றவர்களும் உண்டு. பல்லாவரத்தில் 1863-இல் கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபுட், இது எரிந்த மாட்டுச் சாணமாக இருக்கலாம் என்று அந்தக் காலத்திலேயே சொல்லியிருந்தார். சாய்னர் அந்தக் கட்டிகளை ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்து, சாணம்தான் என்று உறுதிப்படுத்தினார். இன்றைய தெலங்கானாவில் உள்ள உட்னூரில் 1957-இல் ரேமண்ட் ஆல்சின் தோண்டியபோது மாடுகளின் குளம்புத் தடமே பதிந்து கிடந்தது. தொழுவம்! ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால், புதிய கற்காலத்தில், மாடு அடைத்த பட்டி. ராட்சசன் போய் மாட்டுக்காரன் வந்தான். எனக்கு என்னவோ ராட்சசனைவிட அவனைத்தான் பிடிக்கிறது.

பீட்ரூட் கம்பெனியும் எங்கள் ஆச்சியும்

இது முழுக்க வணிகவியல் கதை. 1920-களில் ஸ்வீடனில் ஓலோஃப் அர்ரேனியஸ் என்ற மண் ஆய்வாளர் சர்க்கரைக் கிழங்கு பயிரிட ஏற்ற நிலம் தேடி, வயல் வயலாக மண் எடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். தேடியது பாஸ்பேட் சத்து. சில இடங்களில் காரணமே தெரியாமல் அது எக்கச்சக்கமாக இருந்தது. வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், அவையெல்லாம் பழைய காலத்தில் ஊர் இருந்த இடங்கள்!

காரணம் ரொம்பச் சாதாரணம். மனுஷன் வாழும் இடத்தில் எலும்பு, சாணம், மூத்திரம், சாம்பல், சாப்பாட்டுக் கழிவு எல்லாம் மண்ணில் சேரும். இவற்றில் பாஸ்பரஸ் உண்டு. நைட்ரஜன் மாதிரி அது சீக்கிரம் கரைந்தோடாது. மண்ணில் உள்ள சுண்ணாம்போடும் இரும்போடும் ஒட்டிக்கொண்டு நூறு நூறு வருஷம் அங்கேயே கிடக்கும். வீடு போய், பானை போய், பெயர் போன பிறகும் அந்தக் கணக்கு மட்டும் நிலுவையில் நிற்கும்.

இதை ஒருநாள் சாயங்காலம் எங்கள் ஆச்சியிடம் பெருமையாக விளக்கினேன். முழுசும் கேட்டுவிட்டு, வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னாள்: "இதுக்குப் போயி கம்பெனிக்காரன் வரணுமாக்கும்? ஓட்டாங்காட்டை ஒட்டின மூணு சால்ல மட்டும் சோளம் ஒரு முழம் ஒசரமா நிக்கும்லா. அது ஊரு இருந்த எடம்னு எங்க மாமியாளே சொல்லுவா."

ஆச்சி பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை.

தண்ணீரில் போட்டுப் பார்ப்பது இன்னொரு வழி. ஆச்சி பயறு களையும்போது சொத்தைப் பயறு மிதக்குமே, அதே தத்துவம். அடுப்படி மண்ணைத் தண்ணீரில் கரைத்தால் கரிந்த விதைகள் மேலே மிதந்து வரும். அதை வடிகட்டிக் காயவைத்துப் பார்த்தால் அந்த வீட்டில் என்ன தானியம் சமைத்தார்கள் என்று தெரியும். விதையே இல்லாவிட்டாலும் நெல், சோளம் போன்ற புல்வகைச் செடிகள் தங்கள் உடம்புக்குள் மணல்சத்தில் செய்துவைக்கும் நுண்துகள்கள் செடி மக்கிய பிறகும் அழியாது. நுண்ணோக்கியில் அவற்றின் வடிவத்தை வைத்து எந்த வகைச் செடி என்று ஓரளவு பிரிக்கலாம். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் மண்ணோடு கிடந்த நெல் உமியை ஆய்வுக்கு அனுப்பியதில் கி.மு. 1155 என்று வந்தது. 2021-இல் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தாரே, அதுதான். தாழியை எடுத்து, உள்ளே இருந்த மண்ணை வாய்க்காலில் கொட்டி, கழுவித் துடைத்து அலமாரியில் வைத்திருந்தால்? அழகாக இருந்திருக்கும். ஊமையாகவும் இருந்திருக்கும்.

தனிவட்டிக் கணக்கு

மண்ணுக்கே நேரடியாக வயசு கண்டுபிடிக்கிற முறை ஒன்று உண்டு. அதைப் படித்தபோது துள்ளிக் குதித்தேன், ஏனென்றால் அது எட்டாம் வகுப்பில் படித்த தனிவட்டி!

மணலில் குவார்ட்ஸ் துகள்கள் இருக்கும். சுற்றியுள்ள மண்ணிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கதிர்வீச்சு வந்து அந்தத் துகளுக்குள் ஆற்றலாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். வெயில் பட்டால் சேர்ந்ததெல்லாம் வடிந்து பாக்கி பூஜ்யம். மறுபடி புதைந்து இருட்டுக்குள் போனால் மறுபடி சேர ஆரம்பிக்கும். ஆகவே ஒரு துகளில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்து, வருஷத்துக்கு எவ்வளவு சேரும் என்பதால் வகுத்தால், அது கடைசியாக வெயிலைப் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு என்ற விடை வரும். சேர்ந்தது 3 கிரே, வருஷத்துக்கு 3 மில்லிகிரே என்றால் 1,000 வருஷம். அவ்வளவுதான் கணக்கு. ஆனால் மாதிரி எடுக்கும்போது வெளிச்சமே படக்கூடாது. உலோகக் குழாயை அடுக்குக்குள் அடித்து இறக்கி, இரண்டு பக்கமும் மூடி எடுத்துப் போய், மங்கிய சிவப்பு விளக்கில் திறப்பார்கள்.

கீழடி எல்லோருக்கும் தெரியும். அங்கே கிடைத்த கரியை வைத்து கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வரை போனது 2019-இல் பெரிய செய்தி. அந்த ஊர் எப்போது தொடங்கியது என்று எல்லோரும் பேசினோம், சண்டைகூடப் போட்டோம். அதன் மேல் மண் எப்போது மூடியது என்று எத்தனை பேர் கேட்டோம்? செங்கல் கட்டுமானங்களை மூடிக் கிடந்த ஆற்று மண்ணை அகமதாபாத் இயற்பியல் ஆய்வகமும் தமிழ்நாடு தொல்லியல் துறையும் சேர்ந்து இந்த முறையில் சோதித்தார்கள். 2025-இல் வெளியான அந்த ஆய்வின்படி, சுமார் 1,150 வருஷத்துக்கு முன் வைகையில் வந்த வெள்ளம் கொண்டுவந்து போட்ட மண் அது. செங்கல் அந்த ஊரின் பிறப்பைச் சொல்லலாம். அதை மூடிய வெள்ளத்தைப் பற்றிச் சொன்னது, யாரும் திரும்பிப் பார்க்காத வண்டல்.

வெளிச்சம் பட்டால் பாக்கி பூஜ்யம் என்றேனே. எங்கள் 22 லோடு மண்ணையும் பட்டப்பகலில் வெட்டி, பரப்பி, தண்ணீர் அடித்து, திம்ஸு போட்டு இறுக்கினோம். அடுக்கு போனது, குழி அடையாளம் போனது, எது மேல் எது கீழ் என்பது போனது. அந்த மண் இப்போதும் எங்கள் ஹாலுக்கு அடியில்தான் இருக்கிறது. ஒரு கைப்பிடிகூட வீணாகவில்லை. ஆனால் பேரேட்டைக் கிழித்துத் துண்டு துண்டாக்கி மூட்டை கட்டினால், காகிதம் ஒரு கிராம்கூடக் குறையாதுதான்.

40,000 ரூபாய் எந்தக் கணக்கில்?

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். ஓட்டாங்காட்டில் இன்னும் மூன்றில் ஒரு பங்கு மேடு மிச்சம் இருக்கிறது. அது பெரியப்பா பங்கு. அக்காவுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார். லோடு 500 ரூபாய் என்று ஒருவர் கேட்டிருக்கிறார், 80 லோடு தேறும் என்று பெரியப்பா கணக்கு. ஜேசிபி அவர்களே கொண்டுவருவார்களாம். மேடு போனால் நிலமும் மட்டமாகிவிடும், உழவுக்குத் தோது.

அவரிடம் போய் அடுக்கு, பாஸ்பேட், வெயில், வட்டி எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "தங்கம் கிங்கம் இருக்குமாலே?" என்றார். இருக்காது பெரியப்பா என்றேன். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் ஒன்று இன்னும் அமலில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் மண்ணுக்குள் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும். மண்ணுக்குள் கிடைக்கும் பொருளைத்தான் அது புதையல் என்கிறது. மண்ணே புதையலாக இருந்தால் என்ன செய்வது என்று அதில் இல்லை.

பெரியப்பா சொன்னார்: "ஏலே, நீ கணக்குப் படிக்கிற பய. அந்த 40,000-ஐ நான் எந்தக் கணக்குல எழுதட்டும், நீயே சொல்லு."

எனக்குப் பதில் வரவில்லை. 22 லோடு அள்ளி வீடு கட்டி அதில் ஃபேன் போட்டுப் படுத்திருக்கிற நான், அவரிடம் வரலாறு பேசுவது எனக்கே கூச்சமாக இருந்தது. அப்பாதான் பக்கத்திலிருந்து மெல்ல, "இப்ப சோளம் நிக்கிதுல்லாண்ணே. அறுத்த பெறகு பாப்போம்" என்றார். பெரியப்பாவும் சரி என்றார். எங்கள் வீட்டில் அப்பா இந்த விஷயத்தில் வாயைத் திறந்தது அதுதான் முதல் முறை. அவரும் அந்த 22 லோடை யோசித்திருப்பாரோ என்னவோ.

மறுநாள் காலையில் ஓட்டாங்காட்டுக்குப் போனேன். 2014-இல் நாங்கள் வெட்டிய பக்கம் இன்னும் செங்குத்தாக நிற்கிறது. பத்து மழை கழுவியிருக்கிறது. நான் தோண்டவில்லை, சுரண்டவில்லை, ஒரு ஓட்டைக்கூடத் தொடவில்லை. நின்று பார்த்தேன், அவ்வளவுதான். மேலே உழவு பட்ட சாம்பல் நிற மண். அதற்குக் கீழே விரல்கடை அளவுக்கு வெளுத்த சாம்பல். அடுத்து செங்கல் நிறத்தில் சுட்டமண் பட்டை ஒன்று, ஒரு முழ நீளம் மட்டும் ஓடி நின்றுவிடுகிறது. யாருடைய அடுப்போ. அதற்கும் கீழே கெட்டியாக, மெழுகின தரை மாதிரி ஒரு மெல்லிய கோடு. எல்லாவற்றுக்கும் அடியில் சுத்தக் கரிசல். அந்த முதல் ஆள் வந்து முதல் கம்பு நடுவதற்கு முன்னால் இருந்த காடு.

சின்ன வயசில் நூறு தடவை இதே இடத்தில் நின்றிருக்கிறேன். சில்லு மட்டும்தான் கண்ணில் பட்டது.

அடிக்குச்சியைப் பக்கத்தில் சாய்த்துவைத்துப் படம் எடுத்தேன். இடம், தூரம், திசை எல்லாம் குறித்து, படங்களோடு தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பியிருக்கிறேன். யாராவது வந்து பார்த்து, இது 300 வருஷத்து நத்தம்தான் தம்பி, பெரிய சமாச்சாரம் இல்லை என்று சொன்னாலும் சந்தோஷமே. தெரிந்துகொண்டு அழிவதற்கும் தெரியாமலே அழிவதற்கும் வித்தியாசம் இருக்கிறது இல்லையா?

உங்கள் ஊரிலும் ஒரு மேடு இருக்கும். நத்தமேடு, கோட்டைமேடு, சாம்பல்மேடு, பேர் எதுவாகவும் இருக்கட்டும். சுற்றியுள்ள மண்ணுக்குச் சம்பந்தமில்லாத நிறத்தில் மண்ணும், காலில் இடறும் ஓடும் இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். ஓட்டை எடுத்துப் பையில் போடாதீர்கள், என்னைப் போல் சில்லாகவும் தேய்க்காதீர்கள் :) ஏற்கனவே வெட்டுப்பட்ட பக்கம் இருந்தால் அளவுக்கு ஒரு குச்சி வைத்துப் படம் எடுங்கள். ஊரில் வயசானவர்களிடம் அந்த இடத்தைப் பற்றிக் கேளுங்கள், முக்கியமாக ஆச்சிகளிடம். பிறகு மாவட்ட அருங்காட்சியகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ ஒரு கடிதம் போடுங்கள்.

சோளம் இன்னும் பால் பிடிக்கவில்லை. அறுப்புக்கு இரண்டு மாசம் இருக்கிறது. தினமும் சாயங்காலம் அந்தப் பக்கம் ஒரு நடை போய்வருகிறேன். ஆச்சி சொன்னது சரிதான். மேட்டை ஒட்டின மூன்று சால் மட்டும் மற்றதைவிட ஒரு முழம் உயரமாக நிற்கிறது.